நான் விழவில்லை, படுத்தேன்

பிளம் ஃபோர்க், மிசௌரி
சனிக்கிழமை, பன்றிகளுக்குத் தீவனம் வைத்த பிறகு

'பிளம் ஃபோர்க் வாரச் செய்தி' ஆசிரியர், மதிப்பிற்குரிய திருமதி மார்வா டீட்ஸ் அவர்களின் மேலான கவனத்திற்கு, ஓடைக்கரைச் சாலையில் வசிப்பவரும், பன்றி வளர்ப்பவரும், அப்பா காலத்திலிருந்தே தங்கள் பத்திரிகைக்குச் சந்தா கட்டி வருபவரும், இதுநாள்வரை அதைப்பற்றி ஒரு குறையும் வாய்விட்டுச் சொல்லாதவருமான ஆர்லன் க்ரோத்தஸ் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நாங்கள் எல்லோரும் சுகம். தாங்களும், தங்கள் கணவரும், அடிக்கடி மக்கர் பண்ணும் தங்கள் அச்சு இயந்திரமும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. நேற்று மளிகைக் கடையில் பார்த்தபோது "இடுப்பு எப்படி இருக்கு ஆர்லன்?" என்று அன்போடு விசாரித்தீர்கள். "குறை ஒண்ணும் இல்ல" என்று சொல்லிவிட்டு வந்தேன். வந்து பத்திரிகையைப் பிரித்த பிறகுதான் எதற்காகக் கேட்டீர்கள் என்று விளங்கியது.

விஷயத்துக்கு வருகிறேன். இந்த வார 'அக்கம்பக்கம்' பகுதியில், சர்ச் சூப் விருந்துக்கும் காணாமல் போன பீகிள் நாய்க்கும் நடுவே இப்படி அச்சாகியிருக்கிறது: 'ஆர்லன் க்ரோத்தஸ் செவ்வாயன்று தம் மகள் பிரென்னாவை மருத்துவக் கல்லூரி நேர்முகத்துக்கு அழைத்துச் சென்றார். அங்கே ஆர்லன் கீழே விழுந்துவிட்டார். வழியில் சில காட்டு வான்கோழிகளைப் பார்த்தார்கள்.' வான்கோழி விஷயம் சரி. சில இல்லை, ஏகப்பட்டது. ஆனால் அதற்கெல்லாம் கடிதம் எழுதுகிற ஆள் நானில்லை. நான் விழவில்லை. படுத்தேன். விழுகிறவன் வேறு, படுக்கிறவன் வேறு. படுக்கிறவன் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டுப் படுப்பான். கல்லூரிக்காரர்கள் இன்னும் முடிவு சொல்லவில்லை. இரண்டு வாரத்துக்குள் தொலைபேசியில் கூப்பிடுவார்களாம். அதற்குள் உங்கள் பத்திரிகை அங்கே யார் கையிலாவது கிடைத்து, அப்பனுக்கே நேராக நிற்கத் தெரியவில்லை, பெண் எப்படி அடுத்தவர் முதுகை நிமிர்த்துவாள் என்று நினைத்துவிட்டால் நான் என்ன செய்வேன்? அவளுக்கு இது இரண்டாவது முயற்சி. மூன்றாவதற்கு அவளிடம் தெம்பு கிடையாது. அவள் சொல்லமாட்டாள், எனக்குத் தெரியும். ஆகவே இந்தக் கடிதத்தை அடுத்த இதழின் முதல் பக்கத்தில், ஒரு வரி குறைக்காமல் வெளியிட வேண்டுகிறேன்.

நான் ஏன் படுத்தேன் என்று புரிய வேண்டுமானால் போன வருடத்திலிருந்து சொல்ல வேண்டும். பிரென்னா விண்ணப்பம் போட்டது ஆஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிக்கு. "அது என்னப்பா, அரை டாக்டர் படிப்பா?" என்று தீவனக் கடையில் ஒருவன் கேட்டான். அரையும் இல்லை, காலும் இல்லை, முழு டாக்டர்தான். மாத்திரை எழுதுவார்கள், வயிற்றைக் கிழிப்பார்கள், திரும்பத் தைப்பார்கள். அதற்கு மேலே கையால் தொட்டுப் பார்ப்பார்கள். முழங்கால் வலி என்று போனால் முழங்காலைத் தவிர மீதி அத்தனையையும் அழுத்திப் பார்த்துவிட்டுக் கடைசியில் முழங்காலுக்கு வருவார்கள். நம் டாக்டர் லூமிஸ் அந்த ரகம்தான். பிரென்னாவுக்கு மார்க் நன்றாக இருந்தது, பெரிய நுழைவுப் பரீட்சையிலும் நன்றாகவே செய்திருந்தாள். ஆனாலும் 'வருந்துகிறோம்' என்று கடிதம் வந்தது. அவள் அழவில்லை. அடுப்படிக்குப் போய் இருந்த பாத்திரம் எல்லாம் கழுவினாள். சுத்தமான பாத்திரத்தையும் சேர்த்துக் கழுவினாள்.

மறுநாள் சேர்க்கை அலுவலகத்துத் திருமதி பெல்னாப்புக்கு அவளே போன் போட்டு என்ன குறை என்று கேட்டாள். நான் தற்செயலாக அடுத்த அறையில், அதே லைனில் இருக்கும் இன்னொரு போனைக் காதில் வைத்திருந்தேன். அந்த அம்மாள் தங்கமானவர். "மார்க்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா உன் கட்டுரையைப் பேரை மாத்தி எந்தக் காலேஜுக்கு வேணும்னாலும் அனுப்பலாம். எங்க டாக்டர் ஒருத்தர் பக்கத்துல ஒரு நாளாவது நின்னு பாத்திருக்கியா? உன்னைத் தெரிஞ்ச ஆஸ்டியோபதி டாக்டர் யாராவது ஒரு லெட்டர் குடுப்பாங்களா? ஊருக்கு நீ என்ன செஞ்சிருக்க? எல்லாத்துக்கும் மேல, ஏன் இந்தப் படிப்பு, ஏன் மத்த டாக்டர் படிப்பு இல்ல? அதுக்குப் பதிலே காணோமே" என்றார். பிரென்னா, "சரிங்க, நன்றிங்க" என்றாள். நான் பழக்க தோஷத்தில், "நன்றிங்க" என்று சொல்லிவிட்டேன். நடுவில் மூன்றாவது ஆள் இருப்பது இரண்டு பெண்களுக்கும் அப்போதுதான் தெரிந்தது.

சேவைதானே வேண்டும், இதோ என்று நான் கிளம்பினேன். தீயணைப்புப் படையின் மீன் வறுவல் விருந்து, ரத்த தான முகாம், நூலகத்துப் பழைய புத்தக விற்பனை, அத்தனையிலும் அவள் பெயரை எழுதி வைத்துவிட்டேன். அவள் நாலு வருடமாக முதியோர் இல்லத்தில் ராத்திரி உதவியாளர் வேலை பார்ப்பது ஊருக்கே தெரியும். குளிப்பாட்டுவது, ஊட்டிவிடுவது, புரட்டிப் படுக்க வைப்பது. வேலை முடிந்து வந்து, தூங்காமல், கண்ணெல்லாம் சிவக்க நின்று மீன் பரிமாறினாள். "ஏம்மா, முதியோர் இல்லத்து வேலையைப் பத்தி உன் கட்டுரையில எழுதினியா?" என்று ஒருநாள் கேட்டேன். "அது சம்பளம் வாங்கற வேலைப்பா. அதைப் போய் எழுதினா பீத்திக்கற மாதிரி இருக்காது?" என்றாள். இரண்டாவது விண்ணப்பத்திலும் ஒரே ஒரு வரி, 'உதவியாளர், முதியோர் இல்லம்'. அவ்வளவுதான். அவளைக் குற்றம் சொல்லி என்ன பிரயோஜனம்? நம்ம ஊர் லட்சணம் உனக்குத் தெரியாததா மார்வா? வீடு பற்றி எரிந்தாலும் "கொஞ்சம் வெக்கையா இருக்கு" என்று சொல்கிற கூட்டம் நாம். (உனக்கு என்று எழுதிவிட்டேன், தாங்கள் மன்னிக்கவும். ஒரே பள்ளி பஸ்ஸில் போனவர்கள்தானே.)

அடுத்தது டாக்டரின் கடிதம். இங்கேதான் மானம் குறுக்கே வந்தது. நானும் டாக்டர் லூமிஸும் பேசிக்கொள்வதில்லை என்பது தங்களுக்குத் தெரியும், ஏன் என்பது தெரியாது. பொருட்காட்சியில் கேக் போட்டிக்கு அவர் நடுவராக இருந்தாரே, அந்த வருடம் நான் கறுப்பு வால்நட் கேக் வைத்திருந்தேன். வால்நட்டைத் தரையில் பரப்பி, பிக்கப் வண்டியை ஏற்றி இறக்கித் தோலுரித்து, கை கறுத்துப் போக, சுத்தியலால் உடைத்து, ஆணியால் நோண்டி நோண்டி எடுத்த பருப்பு. மற்ற நடுவர்கள் முள்கரண்டியால் ஒரு துண்டு எடுத்து வாயில் போட்டுக்கொள்வார்கள். இந்த மனுஷன் கண்ணை மூடிக்கொண்டு என் கேக்கின் நட்டநடுவில் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். கட்டைவிரலை! "மேல நல்லாதான் இருக்கு. நடுவுல எங்கயோ ஒரு இறுக்கம்" என்றார். மூன்றாம் பரிசு, வெள்ளை ரிப்பன். போட்டியில் இருந்ததே மூன்று கேக். அன்றிலிருந்து அவர் வாசலை நான் மிதிக்கவில்லை. சர்ச்சில் எதிரே வந்தால் பாட்டுப் புத்தகத்தை எடுத்துப் படிக்க ஆரம்பித்துவிடுவேன். இடுப்பு வலியை எல்லாம் வெந்நீர்ப் பையை வைத்தே சமாளித்துக்கொண்டேன்.

"பொண்ணு பெருசா, ரிப்பன் பெருசா?" என்று என் மனைவி லொரெய்ன் கேட்டாள். நான் யோசித்தது அவளுக்குப் பிடிக்கவில்லை. "ஒரு கேக் பண்ணி எடுத்துக்கிட்டுப் போ. வாயைத் திறக்காத. கேக் பேசிக்கும்" என்றாள். போனேன். மேசைமேல் வைத்தேன். லூமிஸ் என்னைப் பார்த்தார், கேக்கைப் பார்த்தார், கண்ணை மூடினார், கட்டைவிரலை வைத்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிரென்னாவின் முகத்தை நினைத்துக்கொண்டு பல்லைக் கடித்தேன். "இந்தத் தடவை தேவலை. ஆனா கேக்குக்கெல்லாம் நான் லெட்டர் எழுதறதில்ல ஆர்லன். பொண்ணை அனுப்பு. கோடை பூரா என் பக்கத்துல நிக்கட்டும். நான் பாக்கறதை எழுதறேன்" என்றார். சரி என்று எழுந்து வாசலுக்கு நடந்தேன். "நீ ஏம்ப்பா ஒரு பக்கமா சாஞ்சு நடக்கற?" என்று பின்னாலிருந்து குரல் வந்தது. "தரை மேடு பள்ளமா இருக்கு டாக்டர்." "இது என் ஆபீஸ் தரை ஆர்லன்." நான் திரும்பிப் பார்க்காமல் வந்துவிட்டேன். பிரென்னா கோடை முழுக்க அங்கே போனாள், அவர் கடிதம் எழுதினார், கல்லூரியிலிருந்து நேர்முகத்துக்கு அழைப்பு வந்தது. லொரெய்ன் என்னை இன்னொரு கேக் செய்ய வைத்து அந்த மனுஷனுக்கே கொடுத்தனுப்பினாள்.

இப்போது செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம், வழியெல்லாம் உறைபனி, அவளைத் தனியாக விட மனசு வரவில்லை. போகும்போதே வலது இடுப்பு பிடித்துக்கொண்டது, நான் காட்டிக்கொள்ளவில்லை. பிரென்னாவை உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள். என்னை வரவேற்பறையில் ஒரு தாழ்வான சோபாவில் உட்கார வைத்தார்கள். அந்த மாதிரி சோபாவில் உட்காருவது சுலபம், எழுந்திருப்பதுதான் இல்லை. ஒருவழியாக எழுந்தேன், ஆனால் நிமிர முடியவில்லை. தரையைப் பார்த்தபடியே கழிப்பறையைத் தேடிப் போனேன். வழியில் ஒரு பெரிய கூடம், கதவு திறந்திருந்தது, உள்ளே வரிசை வரிசையாக மெத்தை வைத்த மேசைகள், ஒரு ஈ காக்கை இல்லை. இரண்டே நிமிடம் குப்புறப் படுத்தால் சரியாகிவிடும் என்று முன்வரிசை மேசைக்குப் போனேன். கோட்டைக் கழற்றினேன், பூட்ஸைக் கழற்றினேன், வெளியூர் ஆச்சே என்று பர்ஸை பூட்ஸுக்குள் போட்டுப் பத்திரப்படுத்தினேன், படுத்தேன். மேசையில் முகத்துக்கென்று ஒரு ஓட்டை வைத்திருக்கிறார்கள் மார்வா, அப்படி ஒரு சுகம். கண் அசந்துவிட்டது.

விழித்தபோது ஓட்டை வழியாக ஏகப்பட்ட ஷூக்கள் தெரிந்தன. "இன்னிக்கு நமக்காக நேரம் ஒதுக்கி வந்திருக்கற சாருக்கு எல்லாரும் நன்றி சொல்லுங்க" என்று ஒரு பெண் குரல் கேட்டது, ஏலம் விடுகிறவர் குரல் மாதிரி கணீரென்று. ஒரு வகுப்பே சேர்ந்து "நன்றி சார்!" என்றது. அன்றைக்குப் பாடத்துக்கென்று ஒரு ஆளை வரச் சொல்லியிருந்தார்களாம், நான்தான் அந்த ஆள் என்று பேராசிரியை நினைத்துவிட்டார். நியாயமாகப் பார்த்தால் நான் அப்போதே எழுந்து விஷயத்தைச் சொல்லியிருக்க வேண்டும். நீயே சொல்லு, அத்தனை பிள்ளைகள் வாய் நிறைய நன்றி சொன்ன பிறகு, "இல்ல, நான் சும்மா படுத்தேன்" என்று எப்படிச் சொல்வது? "பரவாயில்லங்க" என்றேன். நடுவில் கதவைத் திறந்துகொண்டு அந்த நிஜ ஆளே வந்தார். அவரும் நம்ம பக்கத்துக்காரர்தான் போலிருக்கிறது. இடத்தில் வேறு ஒருவன் படுத்திருப்பதைப் பார்த்து, "மன்னிக்கணும், தொந்தரவு பண்ணிட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததை நான் விவரமாகச் சொல்லப் போவதில்லை. சில்லென்று ஒரு கை, சூடாக ஒரு கை, நடுங்குகிற ஒரு கை. "வலது இடுப்பு ஏறியிருக்கு", "இடது தோள் இறங்கியிருக்கு" என்று ஆளாளுக்கு ஏதோ கண்டுபிடித்தார்கள். "சார், இங்க அழுத்தினா வலிக்குதா?" "பரவாயில்லம்மா." "எப்பவாவது கீழ விழுந்தீங்களா?" "சொல்லிக்கற மாதிரி ஒண்ணும் இல்ல." "ஒண்ணுலேருந்து பத்து வரைக்கும் வச்சா, வலி எத்தனை சார்?" "ரெண்டு" என்றேன். அப்போது என் மூக்கு நுனியிலிருந்து கண்ணீர் ஓட்டை வழியாக ஒரு பையனின் ஷூவின்மேல் சொட்டிக்கொண்டிருந்தது. "ரெண்டுக்கு இந்தப் பிடிப்பு வராதே" என்று பேராசிரியை தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. "இதுதான் எங்க கைப்பயிற்சிக் கூடம்" என்று ஒரு குரல் கேட்டது. எனக்குத் தெரிந்த குரல், அடுத்த அறை போனில் கேட்ட குரல். நேர்முகம் முடிந்த பிள்ளைகளைத் திருமதி பெல்னாப் கல்லூரியைச் சுற்றிக் காட்ட அழைத்து வந்திருந்தார்.

கூட்டத்தில் பிரென்னாவும் இருந்தாள். நான் முகத்தை ஓட்டைக்குள் இன்னும் அழுத்திக்கொண்டேன். கடவுளே, என் பெண் என்னை அடையாளம் கண்டுபிடிக்காமல் இருக்கட்டும், கண்டுபிடித்தாலும் தெரியாத மாதிரி நடந்து போய்விடட்டும் என்று மனதார வேண்டிக்கொண்டேன். போயிருக்கலாம் அவள். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது. ஆனால் என் காலில் ஒரு சாக்ஸ் பழுப்பு, ஒரு சாக்ஸ் நீலம், நீலத்தில் கட்டைவிரல் வெளியே. காலையில் லொரெய்ன் சொன்னாள், நான்தான் கேட்கவில்லை. "மன்னிக்கணும் மேடம்," என்றாள் பிரென்னா, "அவர் எத்தனைன்னு சொன்னார்?" "ரெண்டுன்னார்" என்றார் பேராசிரியை. "பொய் சொல்றார். அவர் ரெண்டுன்னா எட்டு. அவர் உங்க பேஷண்ட் இல்ல. எங்கப்பா."

ஷூக்கள் எல்லாம் ஒரே நேரத்தில் நகர்ந்து வழி விட்டன. பிரென்னா வந்து தரையில் உட்கார்ந்தாள், ஓட்டைக்குக் கீழே, என் முகத்துக்கு நேராக. "அப்பா, பர்ஸ் எங்க?" என்றாள். "பூட்ஸ்ல." கையை விட்டு எடுத்தாள். அதைப் பார்த்து முன்வரிசைப் பையன் ஒருவன் "அம்மாடி!" என்றான். செங்கல் கனம் இருக்கும், ஒப்புக்கொள்கிறேன். "இதை வலது பின் பாக்கெட்ல வச்சு, அதுமேலயே உக்காந்து, நான் பொறக்கறதுக்கு முன்னாலேருந்து வண்டி ஓட்டறார். நான் சொன்னா கேக்கமாட்டார்" என்று பேராசிரியையிடம் கொடுத்தாள். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "அப்படி என்னதான் சார் வச்சிருக்கீங்க?" என்று அதைத் திறந்து பக்கத்து மேசைமேல் கொட்டிவிட்டார். காலாவதியான மீன்பிடி அனுமதிச் சீட்டுகள், விதைக் கம்பெனி அட்டைகள், டிராக்டர் கடை ரசீது. பாக்கி எல்லாம் பிரென்னாவின் பள்ளிக்கூடப் படங்கள். பாலர் வகுப்பிலிருந்து கடைசி வகுப்பு வரை, வருடத்துக்கு ஒன்றாக. முன்பல் விழுந்தது, தானே கத்தரித்துக்கொண்ட தலைமுடி, கண்ணாடி போட்டது, எல்லாம். நான் அதை ஒருத்தரிடமும் எடுத்துக் காட்டியதில்லை மார்வா. காட்டினால் பீத்தல் இல்லையா? சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைகள் சிரிப்பை நிறுத்திவிட்டார்கள். பிரென்னா ஒரு படத்தை எடுத்துப் பார்த்துவிட்டு, "இத்தனை நாளா என் மேலதான் உக்காந்திருந்தியாப்பா?" என்றாள்.

அப்போது திருமதி பெல்னாப், "அவர் ரெண்டுன்னா எட்டுன்னு உனக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டார். பிரென்னா எழுந்து நின்று, என் முதுகில் கையை வைத்தபடியே சொன்னாள்: "முதியோர் இல்லத்துல எல்லாரும் இப்படித்தாங்க. எப்படி இருக்கீங்கன்னா, நல்லாருக்கேம்மான்னுதான் சொல்வாங்க. செத்துக்கிட்டிருக்கறவங்ககூட அப்படித்தான் சொல்வாங்க. ஸ்பூனை இடது கைக்கு மாத்தினா வலது தோள்ல வலி. தலை சீவ விடலைன்னா கழுத்து. ஒருத்தர் ஜோக் சொல்றதை நிறுத்திட்டார், நெஞ்சுல சளி கட்டியிருந்தது. எங்க ஊர்ல யாரையும் கேட்டுத் தெரிஞ்சுக்க முடியாதுங்க. தொட்டுப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும். அதனாலதான் எனக்கு இந்தப் படிப்பு வேணும்." திருமதி பெல்னாப் விடவில்லை. "காலைல உன்னைப் பத்திச் சொல்லுன்னு கேட்டேனே, பெருசா ஒண்ணும் இல்லன்னியே. இதை ஏன் சொல்லல?" "நீங்க என்னைப் பத்திக் கேட்டீங்க. இது அவங்களைப் பத்தி." அந்த அம்மாளின் பேனா காகிதத்தில் நீளமாக ஓடுகிற சத்தம் கேட்டது. நல்லதா கெட்டதா என்று ஓட்டை வழியாக எனக்குத் தெரியவில்லை.

திரும்பி வரும்போது பர்ஸ் வண்டியின் முன்பலகை மேல் இருந்தது, நான் அதன் மேல் இல்லை. பாதி வழியில் பிரென்னா, "நீ பேஷண்ட் இல்லன்னு ஏம்ப்பா அவங்ககிட்ட சொல்லல?" என்று கேட்டாள். "அவங்க கேக்கலையேம்மா" என்றேன். சிரித்தாள், அப்புறம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த வான்கோழிக் கூட்டம் அப்போதுதான் வந்தது. பேச்சை மாற்ற வசதியாக இருந்தது. வீட்டுக்கு வந்து நடந்ததை லொரெய்னிடம் மட்டும் சொன்னேன். அவள் தலை அலங்கார நிலையத்தில் மட்டும் சொன்னாளாம். அங்கே தாங்களும் தலைக்குச் சுருள் போட்டுக்கொண்டிருந்திருக்கிறீர்கள், டிரையர் சத்தத்தில் பாதிதான் காதில் விழுந்திருக்கும்.

புதன்கிழமை பிரென்னா என்னை டாக்டர் லூமிஸிடம் தள்ளாத குறையாகக் கூட்டிக்கொண்டு போனாள். அவர் கண்ணை மூடினார், முதுகில் கட்டைவிரலை வைத்தார், "மேல நல்லாதான் இருக்கு. நடுவுல எங்கயோ ஒரு இறுக்கம்" என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. முதுகு விஷயத்தில் அவர் சொன்னது சரி, கேக் விஷயத்தில் தப்பு என்பதையும் தாங்கள் இந்த இடத்திலேயே அச்சிட வேண்டுகிறேன்.

நிஜத்தைச் சொன்னால் எனக்குப் பயமாக இருக்கிறது மார்வா. என் பெண் இத்தனை வருடம் வாயைத் திறக்காமல் செய்ததெல்லாம் என் ஓட்டை சாக்ஸால் வீணாகிவிட்டதோ என்று நினைக்கும்போது தீவன வாளியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுகிறேன். ஆகவே உண்மையை உள்ளது உள்ளபடி முதல் பக்கத்தில் வெளியிட்டு, நான் விழவில்லை, படுத்தேன் என்பதை ஊரறியச் செய்யுங்கள். தங்கள் கணவருக்கு என் விசாரிப்பு. காணாமல் போன பீகிள் சீக்கிரம் கிடைக்கட்டும். உங்கள் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருந்து, யாராவது கேட்கும்போது நன்றாக இருக்கிறேன் என்று நீங்கள் சொல்வது நிஜமாகவே இருக்கட்டும்.

தங்கள் உண்மையுள்ள,
ஆர்லன் க்ரோத்தஸ்

பின்குறிப்பு: தபால் தலை ஒட்டும்போது போன் வந்தது. நான் அடுத்த அறைக்குப் போகவில்லை, லொரெய்ன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். பிரென்னா, "சரிங்க. நன்றிங்க" என்று வைத்துவிட்டு, "எடுத்துக்கிட்டாங்களாம்பா" என்று சொல்லிவிட்டு, இன்னும் சூப் இருக்கிறதா என்று கேட்டாள். அப்புறம் கொட்டகைக்குப் போய் ஒரு கத்துக் கத்தினாள் பார், பன்றிகள் எல்லாம் வேலியோரம் ஓடிவிட்டன, இன்னும் திரும்பி வரவில்லை. ஆகவே மேலே எழுதிய எதையும் போட வேண்டாம். நான் விழுந்தேன் என்றே இருக்கட்டும். அவள் சேர்ந்த செய்தியை மட்டும் சின்னதாக, நாய்க்குப் பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும். இல்லை மார்வா, பெருசாகப் போடு. முதல் பக்கம், கொட்டை எழுத்து. படம் கேட்பாய், எல்லாப் படத்தையும் இதோடு வைத்திருக்கிறேன், எது வேண்டுமோ எடுத்துக்கொள். முன்பல் இல்லாதது எனக்குப் பிடிக்கும். திருப்பித் தர அவசரமில்லை, இனிமேல் பர்ஸில் வைக்கக்கூடாது என்று உத்தரவு. கடையில் இடுப்பு எப்படி என்று கேட்டாயே, அன்றைக்கு எட்டு. இன்றைக்கு இரண்டு. நிஜமான இரண்டு.